தங்கை உட்காருவதற்கு ஒரு வண்டி

பூனா ஸ்டேஷனில் இறங்கியபோது, ஊருக்குத் திரும்பிப் போக இரண்டு பேருக்கான டிக்கெட் என் பையில் இருந்தது. ஒன்று எனக்கு. இன்னொன்று என் தங்கை கன்னியம்மாளுக்கு. போன வருஷம் அவள் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடது இடுப்பு எலும்பு முறிந்து, உள்ளே தகடு வைத்திருந்தார்கள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன் பிரகாசு, பிம்ப்ரியில் கம்பெனி வேலைக்குப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவான். பகல் முழுக்க அவள் தனியாகக் கிடக்கிறாளே என்று ராணிப்பேட்டையில் எங்கள் தம்பி ஒரு முடிவுக்கு வந்துவிட்டான்.

"நீ போய்க் கூட்டிக்கினு வந்துடு. நீ சொன்னாத்தான் அவ கேப்பா" என்றான்.

அவள் யார் சொல்லியும் கேட்டதில்லை என்று சொல்ல வாய் வந்தது. நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. தலையை ஆட்டிவிட்டு ரயிலேறிவிட்டேன்.

மழை பெய்துகொண்டிருந்தது. எங்கள் ஊர் மழை கொட்டும், வெறிக்கும். இந்த ஊர் மழைக்கு அந்தப் பழக்கம் கிடையாது. சல்லடையில் மாவு சலிப்பதுபோல் நாள் முழுக்க விழுந்துகொண்டே இருக்கிறது. கட்கி வரைக்கும் ஆட்டோவில் கூட்டிப் போனான் பிரகாசு. ஒவ்வொரு பள்ளத்திலும் என் தலை மேல்கூரையைத் தொட்டுவிட்டு வந்தது. பக்கத்தில் ஸ்கூட்டரில் போன பெண்பிள்ளைகள் எல்லாம் முகத்தைத் துப்பட்டாவால் சுற்றி, கண்ணை மட்டும் வெளியே விட்டிருந்தார்கள். ஏதோ கொள்ளைக்குப் போகிறவர்கள்போல் இருந்தது. தூசிக்காக அப்படிக் கட்டுகிறார்கள் என்றான் பிரகாசு. மழையில் ஏது தூசி என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

கன்னியம்மாள் ஜன்னல் ஓரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அழுவாள் என்று நினைத்தேன்.

"வந்துட்டியா போலீஸ்காரி? வாரன்ட்டு எங்க?" என்றாள்.

"அய்ய, நான் சும்மா உன்னப் பாத்துட்டுப் போலாம்னு..."

"பொய் சொன்னா உன் மூக்கு வேர்க்கும்கா. இப்ப வேர்க்குது பாரு."

அவள் கல்யாணமாகி வந்ததிலிருந்து கட்கிதான். புருஷன் வெடிமருந்துத் தொழிற்சாலையில் இருந்தவரைக்கும் குவார்ட்டர்ஸ். அதன்பிறகு கடைவீதிக்குப் பின்னால் இந்த வாடகை வீடு. ஓட்டு வீடு, வாசலில் உயரமாக ஒரு கல்படி. அவளுக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் இந்தச் சந்திலேதான். மார்க்கெட்டில் மராட்டியில் சண்டை போடுவாள், கோவிலில் தமிழில் சண்டை போடுவாள். இப்போது இரண்டும் இல்லாமல் இளைத்திருந்தாள்.

அன்று சாயங்காலமே விஷயம் வெளியே வந்துவிட்டது. ஔந்தில் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு வாரம் ஒரு தரம் காலுக்குப் பயிற்சி செய்யப் போகவேண்டும். ஆட்டோவில் போனாள். பள்ளங்களில் தூக்கித் தூக்கிப் போட்டதில், வந்த பிறகு எழுந்திருக்க முடியாமல் படுத்துவிட்டாள். இன்னொரு தரம் போனாள், அதே கதி. அதோடு போவதை நிறுத்திவிட்டாள். பயிற்சி இல்லாமல் கால் மரத்துக்கொண்டு வருகிறது. பஸ் படி அவள் தொடை உயரம். இப்படியே விட்டால் நாற்காலியை விட்டு எழமாட்டாள்.

"அதனாலதான் வண்டி வாங்கப் போறேன் பெரிமா" என்றான் பிரகாசு. அவனுக்குத் தமிழ் கொஞ்சம் நின்று நின்றுதான் வரும். "பைக். பெரிய சக்கரம். பள்ளத்துல விழாது. ஸ்பிரிங்கை நம்ம வெயிட்டுக்கு ஏத்த மாதிரி, மத்லப், அதாவது, டைட்டு லூஸ் பண்ணலாம். சீட்டும் மாத்தலாம்."

"இவனுக்குக் காலேஜ்லேருந்தே அந்த வண்டி மேல கண்ணு" என்றாள் கன்னியம்மாள். "இப்ப என் இடுப்ப சாக்குச் சொல்றான்."

"ரெண்டும்தாம்மா. பொய் சொல்லல. ரெண்டும்."

அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. அவன் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். "பெரிமா, நீங்க கிளம்பறதுக்குள்ள அம்மாவ ஔந்துக்குக் கூட்டிட்டுப் போய்த் திரும்பக் கூட்டிட்டு வரேன். மறுநாள் அம்மா எழுந்து நடந்தா இங்கயே இருக்கட்டும். படுத்துட்டா உங்ககூட வரட்டும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

கன்னியம்மாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "மஞ்சூர்" என்றாள். சம்மதம் என்று அர்த்தமாம்.

வண்டியைச் சோதித்துப் பார்க்கவேண்டுமே. தகடு வைத்த இடுப்பை வைத்துச் சோதிக்க முடியுமா? நானும் அவளும் ஒரே உயரம், ஒரே கனம். என் ரவிக்கை அவளுக்குச் சேரும், அவளது எனக்குச் சேரும். ஆகவே தங்கைக்குப் பதிலாக நான் பின்சீட்டில் உட்காருவது என்று முடிவானது. என்னை யாரும் கேட்கவில்லை.

விடுமுறை நாளில் காலையில் அவல் உப்புமா சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். அதை இங்கே போஹா என்கிறார்கள். மேலே ஓமப்பொடியும் தேங்காய்த் துருவலும் தூவித் தருகிறார்கள். நம் வீட்டு அவல் உப்புமாவைவிட மெதுவாக இருந்தது. கூடவே கொஞ்சம் சர்க்கரையும் போட்டுவிடுகிறார்கள், அது எதற்கென்று தெரியவில்லை.

வண்டிக் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் வண்டிகள் நகைபோல் நின்றன. கழுத்தில் டை கட்டிய ஆள் ஓடி வந்து யாருக்கு வண்டி என்று இந்தியில் கேட்டான். பிரகாசு என்னைக் காட்டினான்.

"இவங்க உட்காரணும். இவங்களுக்கு எது வசதியோ அது."

அந்த ஆள் உள்ளே திரும்பி யாரையோ கூப்பிட்டான். இன்னும் இரண்டு பேர் வந்து நின்றார்கள். நான் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

பிரகாசுக்கு வேண்டியது, முன்னால் பிளாஸ்டிக் மூடி எதுவும் இல்லாமல் எஞ்சினும் கம்பிகளும் வெளியே தெரிகிற மாதிரி வண்டி. அந்த ரகத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டு. அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். உடுப்பில்லாதது என்றான். கடைக்குள் இருந்த அவ்வளவு நேரமும் அந்தப் பெயர் என் காதில் விழுந்துகொண்டே இருந்தது. நான் மட்டும் "அந்த வண்டி" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதல் வண்டியில் பின்சீட்டு மலைமேல் இருந்தது. ஏறி உட்கார்ந்தால் பிரகாசின் உச்சி எனக்குத் தெரிந்தது. இரண்டாவதில் அவன் கைப்பிடியை எட்டிப் பிடிக்க முன்னால் படுத்துவிட்டான். எனக்குப் பிடித்துக்கொள்ள ஆளே இல்லை. மூன்றாவது வண்டிக்குக் கைப்பிடி நேராக இருந்தது, அவன் முதுகும் நிமிர்ந்து இருந்தது, பின்னால் பிடிக்கக் கெட்டியாக ஒரு கம்பியும் இருந்தது. சக்கரத்தில் சேலை சிக்காமல் இருக்க இடப்பக்கம் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. பையன்கள் வண்டி எடுத்த அன்றே அதைக் கழற்றிப் போட்டுவிடுவார்களாம்.

"கழட்டித் தரட்டுமா சார்?" என்றான் டை கட்டியவன்.

"பாகல் ஹோ க்யா?" என்றான் பிரகாசு. பைத்தியமா என்று கேட்டிருக்கிறான். கறுப்பு நிறத்தில் அந்த வண்டியே வந்தது.

வாசலில் தேங்காய் உடைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, சந்துக்குள்ளேயே முதல் ஓட்டம். நான் எப்போதும்போல ஒருபக்கமாக, இரண்டு காலையும் இடப்பக்கம் தொங்கவிட்டு உட்கார்ந்தேன். பின்சீட்டு முன்பக்கமாகச் சரிந்திருந்தது. அவன் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் நான் அவன் முதுகில் போய் மோதினேன். இடப்பக்கம் திரும்பினால் வண்டி விழுந்துவிடும்போல் சாய்ந்தது. வலப்பக்கம் திரும்ப அவன் மல்லுக்கட்டினான். இறங்கியபோது என் இடுப்பே பிடித்துக்கொண்டது. ஜன்னலிலிருந்து கன்னியம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிக்கா இருக்குது?"

"நல்லாத்தான் இருக்குது."

"உன் மூக்கு வேர்க்குது" என்றாள்.

மறுநாள் சீட்டுத் தைக்கிற ரபீக் பாயிடம் போனோம். கடைவீதியில் ஒரு ஆள் மட்டும் நுழையக்கூடிய கடை. அவர் பஞ்சுப் பலகைகளை வாசலில் பெஞ்சுமேல் அடுக்கி, ஒவ்வொன்றாக என்னை உட்காரச் சொன்னார். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்துக்கொண்டு போனார்கள். மெத்தென்று இருந்த ஒன்றை நான் தொட்டுக் காட்டினேன்.

"வேண்டாம் அம்மா" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார். "இது கல்யாண மாப்பிள்ளை மாதிரி. மொதல்ல ரொம்ப சுகம்."

கடைசியில் அடியில் கெட்டிப் பஞ்சும் மேலே மெல்லிய பஞ்சும் வைத்து, சரிவை எடுத்துச் சமமாக்கித் தைத்துக் கொடுத்தார். காத்திருந்த நேரத்தில் டீயும் வெண்ணெய் தடவிய பன்னும் வாங்கித் தந்தார். அந்தப் பன்னுக்காக இன்னொரு தரம் சீட்டு மாற்றலாம் என்று தோன்றியது.

உட்காருவதற்கு இப்போது நன்றாக இருந்தது. ஓட்டம் மட்டும் சரியாகவில்லை. பிரகாசு வேலை முடிந்து வந்ததும், சந்து முனையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் விநாயக்கிடம் வண்டியைக் கொண்டுபோனான். கூடவே என்னையும். விநாயக் கைப்பிடியை ஒரு விரற்கடை உயர்த்தினான், பின்சக்கரத்துக்குக் காற்றுக் கூட்டினான், பின் ஸ்பிரிங்கின் வளையத்தை ஒரு பல் திருகினான். தனியாக ஏறி ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "மஸ்கா!" என்றான். வெண்ணெய்போல் போகிறதாம்.

பிறகு என்னை ஏற்றிக்கொண்டு பிரகாசு போனான். வெண்ணெய் எல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. மறுபடி இழுப்பு, மறுபடி சாய்வு.

மறுநாள் ஸ்பிரிங்கை இறுக்கினார்கள். பள்ளத்தில் வண்டி தவளைபோல் குதித்தது. தளர்த்தினார்கள். அடியில் போய் இடித்தது. ஹேண்டில் கழுத்துக்குள் இருக்கிற சின்ன இரும்புக் குண்டுகளைக் கழற்றி, கிரீஸ் போட்டு மாட்டினார்கள். பின்டயரை மாற்றிப் பார்த்தார்கள். தனியாகப் போனால் நன்றாகப் போகிறது. நான் ஏறினால் கெட்டுவிடுகிறது. வண்டிக்கு என்னைப் பிடிக்கவில்லை என்றே நான் நினைத்துவிட்டேன்.

விநாயக் தரையில் உட்கார்ந்து தலையைச் சொறிந்தான். "வண்டி சரி. ரோடு சரி. மாவ்ஷியும் சரி" என்றான். மாவ்ஷி என்றால் பெரியம்மா, சித்தி. இந்த ஊரில் வயதான பெண்களை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். "அப்புறம் எதுதான் தப்பு?"

ஔந்து ஆஸ்பத்திரிக்கும் போய்வந்தோம். பயிற்சி சொல்லித்தரும் டாக்டரம்மா சின்ன வயது, அமைதியாகப் பேசினாள். பிரகாசு எனக்குத் தமிழில் சொன்னான்: "தூக்கிப் போடக் கூடாது. இடுப்பு முறுக்கக் கூடாது. ரெண்டு காலும் சமமா இருக்கணும். அவ்ளோதான், பைக்ல வரலாமாம்." நாங்கள் இரண்டு பேரும் தூக்கிப் போடாமல் இருப்பதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம். மற்றதை அவள் சொன்னாள், நாங்களும் கேட்டோம். அது மனதில் தங்கவில்லை. சேலை கட்டியவள் ஒருபக்கமாக உட்காருவாள். அது கிழக்கே சூரியன் உதிக்கிற மாதிரி. அதை யாராவது யோசிப்பார்களா?

ஊரிலிருந்து தம்பி போன் செய்தான். "இன்னாக்கா, மூட்டை கட்டியாச்சா?" என்று கேட்டான். "ம்" என்றேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினால், கன்னியம்மாள் பீரோவிலிருந்து சேலைகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். கட்டில்மேல் தகரப் பெட்டி திறந்திருந்தது.

"எதுக்குடி இப்பவே?"

"கடசி நேரத்துல உன்னால எல்லாம் மடிக்க முடியாதுக்கா. உனக்குக் கையி நடுங்கும்."

நடுங்கியது அவள் கை. இவ்வளவு வருஷத்தில் அவள் சண்டை போடாமல் விட்டுக்கொடுத்து நான் பார்த்ததே இல்லை. போலீஸ்காரி என்று அவள் திட்டியதே எனக்குத் தேவலையாக இருந்தது.

அன்று பிரகாசு என்னைப் பிம்ப்ரிக்குக் கூட்டிப் போனான். தூரமாகப் போனால் வண்டி படியும் என்று விநாயக் சொல்லியிருந்தான். படியவில்லை. காய்கறி மார்க்கெட் எதிரில் நிறுத்தி எனக்கு வடாபாவ் வாங்கித் தந்தான். பன்னுக்குள் போண்டாவை வைத்து, காய்ந்த மிளகாய்ப் பொடி போட்டுக் கொடுக்கிறார்கள். நம் ஊரில் போண்டாவைப் போண்டாவாகத் தின்கிறோம். இவர்கள் அதற்கு வீடு கட்டிக்கொடுக்கிறார்கள். கண்ணில் தண்ணீர் வரத் தின்றுகொண்டிருந்தேன்.

அப்போது மார்க்கெட்டுக்குள்ளிருந்து ஒரு கிழவி வந்தாள். என்னைவிட வயது கூட இருக்கும். மூக்கில் பெரிய வளையம், கக்கத்தில் வெந்தயக்கீரைக் கட்டு. இந்த ஊர்க் கிழவிகள் கட்டுகிற ஒன்பது கெஜப் புடவை கட்டியிருந்தாள். நம் ஆண்கள் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டுவதுபோல, அதைக் கால்களுக்கு நடுவே கொடுத்துப் பின்னால் செருகிக்கொள்கிறார்கள். அவள் மகன் வண்டியில் காத்திருந்தான். எங்கள் வண்டி மாதிரியேதான். அவள் கீரைக்கட்டை அவனிடம் கொடுத்தாள், ஒரு காலை மிதிகட்டையில் வைத்தாள், இன்னொரு காலை அந்தப் பக்கம் தூக்கிப் போட்டாள், ஆண்பிள்ளைபோல் உட்கார்ந்தாள். வண்டி நூல் பிடித்ததுபோல் நேராகக் கூட்டத்துக்குள் போய்விட்டது.

வடாபாவ் என் கையிலேயே இருந்தது.

"க்யா ஹுவா பெரிமா? என்ன ஆச்சு, காரமா?" என்றான் பிரகாசு.

"ஆமாம்" என்றேன். வளர்ந்த பிள்ளையிடம் காலை அகட்டி உட்காருவதைப் பற்றி எப்படிப் பேசுவது?

வீட்டுக்கு வந்து, கன்னியம்மாளுக்குப் பக்கத்தில் முறத்தை வைத்து அவரைக்காய் கிள்ளிக்கொண்டே மெல்லச் சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். நான் வந்ததிலிருந்து அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

"அய்யோ அக்கா! பக்கத்து வூட்டு ஷாந்தாபாயி தெனம் அதத்தான் கட்டிக்கினு என் மூஞ்சிக்கு முன்னால நிக்கிறா. எத்தினி வருசமா பாக்கறன். ஒரு நாளாவது தோணிச்சா?"

"ஆனா கால ரெண்டு பக்கமும்... நாலு பேரு பாப்பாங்களேடி."

"பாக்கட்டும். அவங்க கண்ணு, அவங்க பாக்கறாங்க. ஷாந்தாபாய்! ஓ ஷாந்தாபாய்!"

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஷாந்தாபாய் வந்தாள். அன்று அவளுக்கு விரதம். கையில், விரத நாளில் இங்கே சாப்பிடுகிற ஜவ்வரிசி உப்புமாத் தட்டு இருந்தது. கன்னியம்மாள் மராட்டியில் கடகடவென்று சொன்னாள். ஷாந்தாபாய் தட்டை என் மடியில் வைத்துவிட்டுப் போய், தன் புடவை ஒன்றைக் கொண்டுவந்தாள்.

சோதனைக்கு நான்தானே இருக்கிறேன். என்னை நிற்கவைத்துச் சுற்றினாள், மடித்தாள், நடுவில் கொடுத்து இழுத்துப் பின்னால் செருகினாள்.

"அய்ய, கெண்டைக்கால் தெரியுது" என்றேன்.

ஷாந்தாபாய் சொன்னதைக் கன்னியம்மாள் தமிழில் சொன்னாள்: "இதக் கட்டிக்கினு இந்த ஊர்ல ராணிங்க குதிர மேல சண்டைக்கே போயிருக்காங்களாம். உன் கெண்டக்கால யாரு பாக்கப் போறாங்கன்னு கேக்கறா."

இருந்தாலும் நான் வாசலைத் தாண்டவில்லை. கன்னியம்மாள் கொடியிலிருந்து ஒரு துப்பட்டாவை இழுத்து, அந்த ஸ்கூட்டர்ப் பெண்கள்போல் என் முகத்தைச் சுற்றிக் கட்டிவிட்டாள். கண் மட்டும் வெளியே. கண்ணாடியில் பார்த்தேன். அது யாரோ. யாரோ ஒருத்தி போவதற்கு எனக்கென்ன வெட்கம்? வாசலைத் தாண்டிக் கல்படிக்கு வந்தேன்.

பிரகாசு வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்து, "கோன்?" என்றான். யார் என்று.

"நான்தான்டா. வண்டிய எடு."

அவன் வண்டியைப் படியை ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்தினான். படியிலிருந்தே ஒரு காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தேன். இரண்டு காலுக்கும் மிதிகட்டை இருந்தது. ஒருபக்கமாக உட்காரும்போது என் வலதுகாலுக்கு இடமே கிடையாது, அந்தரத்தில் ஆடும். வண்டி நகர்ந்தது. சந்து முனையில் இடப்பக்கம் திரும்பினான். சாய்ந்தது, நிமிர்ந்தது. வலப்பக்கம் திரும்பினான். அதேபோல் சாய்ந்தது, நிமிர்ந்தது. ரயில்வே லைன் ஓரம் இருக்கிற பெரிய பள்ளம் வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோது பள்ளம் பின்னால் போயிருந்தது.

"பெரிமா, பின்னால இருக்கீங்களா, இல்லயா?" என்று கத்தினான் பிரகாசு. "வெயிட்டே தெரில!"

"இருக்கறன்டா" என்றேன். துணிக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன்.

விநாயக்கின் ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினோம். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டான். "என் ஆயி இப்படித்தான் உட்காருவாள்" என்றான். "மாவ்ஷி தமிழ்ச் சேலை கட்டியிருந்ததால் எனக்குத் தோன்றவே இல்லை." தளர்த்தவும் இறுக்கவும் செய்த ஸ்பிரிங்கை நடுவாக வைத்தான். காற்றைக் குறைத்தான். ரபீக் பாயின் சீட்டை மட்டும் யாரும் தொடவில்லை.

பிரகாசு டாக்டரம்மாவுக்குப் போன் செய்து கேட்டான். எலும்பு கூடிவிட்டது, அப்படி உட்காரலாம், உயரமான இடத்திலிருந்து ஏறவேண்டும் என்றாளாம். எங்களுக்குக் கல்படி இருந்தது.

கன்னியம்மாள் ஔந்துக்குப் போகும் நாள் வந்தது. ஷாந்தாபாய் அவளுக்குப் பச்சைப் புடவை கட்டிவிட்டாள். பிரகாசு வண்டியைப் படியை ஒட்டி நிறுத்திப் பிடித்துக்கொண்டான். ஒருபக்கம் நானும் மறுபக்கம் ஷாந்தாபாயும் தாங்க, கன்னியம்மாள் நல்ல காலைத் தூக்கிப் போட்டாள். பாதியில் ஒரு கணம் அவள் விரல்கள் என் தோளில் இறங்கின. பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

"வலிக்குதாடி?"

"கேட்டுக்கினே இருந்தீனா வலிக்கும். போடா பிரகாசு, சல்."

நான் ஆட்டோவில் பின்னால் போனேன். அந்த வண்டியைவிட்டுப் பிரியாமல் போகச் சொன்னேன். எனக்குத் தெரிந்த இந்தியில்தான். ஆட்டோக்காரன் உற்சாகமாகிவிட்டான். தூக்கித் தூக்கிப் போட்டதில் நான் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். ஆற்றுப் பாலத்தில் செந்நிறத் தண்ணீர் கரைமுட்ட ஓடியது. முன்னால் பச்சைப் புடவை ஒரே உயரத்தில் போய்க்கொண்டிருந்தது, ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. ஒரு சிக்னலில் அதுவும் மறைந்துவிட்டது.

ஔந்து ஆஸ்பத்திரி வாசலில், முகத்தில் துணி கட்டிய ஒரு பொம்பளை கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். என் தங்கை எங்கேயாவது உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்து, அவளைத் தாண்டி உள்ளே போகப் பார்த்தேன்.

"எம்மாம் நேரம்கா?" என்றாள் அந்தப் பொம்பளை.

பயிற்சி முடிந்து வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. திரும்ப வீட்டுக்கு என்றுதான் நான் நினைத்தேன். கன்னியம்மாள் மகனிடம், "பிம்ப்ரி இங்கேருந்து எம்மாந்தூரம்டா?" என்று கேட்டாள்.

"ஏம்மா?"

"நீ வேலை செய்யற எடத்த நான் பாத்ததே இல்லயே. கம்பெனி கேட்டையாவது காட்டு."

அவன் என்னைப் பார்த்தான். ஔந்துக்குப் போய்வருவதுதான் பேச்சு. அவ்வளவு தூரம் வேண்டாம் என்று சொல்லும் உரிமை எனக்கு இருந்தது. மூக்கு வேர்த்தது. "போய்ட்டு வாங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்து உலை வைத்தேன். சோறு வடித்தேன், ரசம் வைத்தேன். அவர்கள் வரவில்லை. மழை பிடித்துக்கொண்டது. வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தேன். நான் அல்லவா போகச் சொன்னேன்! வழியில் விழுந்திருந்தால்? அந்தத் தகடு விலகியிருந்தால்? தம்பிக்கு என்ன பதில் சொல்வேன்? ஷாந்தாபாய் வந்து எனக்குப் புரியாத பாஷையில் ஏதோ சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டாள். விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சந்து முனையில் வண்டிச் சத்தம் கேட்டது.

இரண்டு பேரும் தெப்பலாக நனைந்திருந்தார்கள். கன்னியம்மாள் கையில் ஒரு கட்டு வெந்தயக்கீரை இருந்தது.

"அங்க கீரை மலிவுக்கா. ஒருத்தி ஏமாத்தப் பாத்தா, வுடுவனா?"

சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறாள்! நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் பேச்சு மறுநாளைப் பற்றி அல்லவா? விடிந்தும் நான் கண்ணைத் திறக்காமல் படுத்திருந்தேன். பக்கத்துக் கட்டிலில் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றும் இல்லை. முனகலும் இல்லை. பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தால் கட்டில் காலியாக இருந்தது. சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. அவள் சுவரைப் பிடித்தபடி நின்று, மூன்று டம்ளரில் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"வலி?" என்றேன்.

"இருக்குது. உக்காந்துக்கினு போன வலி. தொடை பிடிச்சிக்கினு இருக்குது. இடுப்புல இல்ல." டம்ளரை என்னிடம் நீட்டினாள். "அந்தப் பொட்டியில இருக்கற சேலையெல்லாம் நீயே எடுத்து பீரோவுல வெச்சிடு. கையி நடுங்காம."

தம்பி போன் செய்தபோது அவளே எடுத்தாள். "அக்கா தனியாத்தான் வருது. ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பு. எனக்கா? எனக்கு வாரா வாரம் ஔந்துல வேலை இருக்குது, பிம்ப்ரியில வேலை இருக்குது. எங்க ஒழியுது?" அவன் ஏதோ சத்தம் போட்டிருக்கவேண்டும். போனைக் காதிலிருந்து எட்டிப் பிடித்து எனக்கும் கேட்கும்படி காட்டினாள்.

என்னை ரயிலேற்ற இரண்டு பேரும் வந்தார்கள். நான் மூட்டையோடு ஆட்டோவில், அவர்கள் வண்டியில். அவள் ஸ்டேஷன் வாசலோடு நின்றுவிட்டாள், படிக்கட்டு வேண்டாம் என்று. துணியை அவிழ்த்து முகத்தைக் காட்டினாள்.

"போய்ட்டு வா போலீஸ்காரி. கைதி தப்பிச்சிட்டான்னு சொல்லு."

பிரகாசு மூட்டையைச் சீட்டுக்கடியில் தள்ளிவிட்டு, காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு இறங்கினான். வண்டி நகர்ந்தது. கன்னியம்மாளுக்கு எடுத்திருந்த எதிர்ச் சீட்டு காலியாக இருந்தது. கைக்குழந்தையோடு ஒரு பெண் வழியில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு இடம் உறுதியாகவில்லைபோல.

"இங்க யாராவது வராங்களாம்மா?" என்று தமிழில் கேட்டாள்.

"யாரும் வரல" என்றேன். இடம் கொடுப்பது என் கையில் இல்லை, டிக்கெட் பார்க்கிறவர் வந்து எழுதவேண்டும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சொன்னேன். "வரவேண்டியவ வரலம்மா. நீ உக்காரு. நல்லாக் கால நீட்டி உக்காரு."